கற்படுக்கையும் பிறர் வலியும்

(சித்தன்னவாசல் யாத்திரையின் நிறைவில் புதுக்கோட்டையில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு இரண்டு பொருள்களைத் தந்து, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு பணித்தார்கள். ஒன்று, நம் விழாக்களில் சேரும் பிளாஸ்டிக் கழிவைச் சமுதாயமாகக் கூடி எவ்வாறு மீண்டும் பயன்படுத்துவது என்பது. மற்றொன்று, வலியை மனிதர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக உணர்வது ஏன் என்பது. முதலில் இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு என்று நானும் வியந்தேன். எண்ண எண்ண, இரண்டும் ஒரே கேள்வியில் வந்து முடிவதைக் கண்டேன். நாம் செய்யும் தீங்கின் அளவை யாருடைய உடலைக்கொண்டு அளப்பது என்பதே அக்கேள்வி. ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். நேரம் சற்று நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

இன்று காலை நாம் ஏழடிப்பட்டம் ஏறினோம். பாறைச் சரிவில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் அவ்விடத்திற்கு அப்பெயர் வந்தது. இயற்கையாய் அமைந்த குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைமாட்டில் கல்லையே தலையணை போல உயர்த்தி விட்டிருக்கிறார்கள். அவற்றுள் பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய எழுத்துகள் அவை. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதென் என்னும் துறவியார்க்குச் சிறுபோசில் என்னும் ஊரைச் சார்ந்த இளையர் செய்தளித்த இருக்கை அது என்பதே அவ்வெழுத்துகளின் பொருள். எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பிற படுக்கைகளின் அருகே, பல நூற்றாண்டுகள் கழித்து வெட்டிய எழுத்துகளில் திருநீலன், திருப்பூரணன் முதலிய வேறு துறவியர் பெயர்கள் வருகின்றன.

அக்கல்வெட்டை நாம் படிக்கும்போது துறவியின் பெயரையே பெரிதாகக் கருதுகிறோம். அது இயல்பே. ஆயினும் அத்தொடரில் இன்னொருவரும் இருக்கிறார். துறவி, உடலின் துன்பத்தைப் பொருட்படுத்தாதவர். கரடுமுரடான பாறையில் கிடப்பதே அவர் நோன்பிற்குப் போதும். அவ்வாறிருந்தும், அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவருக்காக இவ்வூர்க்காரர் ஒருவர் உளியெடுத்து, பாறையைக் கொத்தி, தேய்த்து, மழமழப்பாக்கித் தந்தார். அவர்தாம் பொறுத்துக்கொள்வாரே, நமக்கென்ன என்று அவர் விட்டுவிடவில்லை. பொறுத்தல் துறவியின் அறம். கல்லைத் தேய்த்தல் இல்லறத்தானின் அறம். இவ்விரண்டையும் நாம் பிற்காலத்தில் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டோம் என்பது என் எண்ணம்.

நம் ஆகமம் வலியைப் பற்றி மிக நுட்பமாகப் பேசுகிறது. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் 22 பரீஷகங்களைக் கூறுவதை அறிவீர்கள். பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம், கொசு முதலியவற்றின் கடி, நோய், முள்ளும் புல்லும் உறுத்தல் எனத் தொடரும் அவ்வரிசையில் படுக்கையும் ஒன்று. ஏழடிப்பட்டத்தில் நாம் கண்டது அந்தச் சய்யா பரீஷகத்தின் களமே. அடுத்து அந்நூல் கூறுவதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவரிடம் ஒரே வேளையில் இவற்றுள் ஒன்று முதல் பத்தொன்பது வரை இருக்கலாம் என்கிறது. குளிரும் வெப்பமும் ஒருங்கே வாரா. நடத்தல், அமர்தல், கிடத்தல் ஆகிய மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றே நிகழும். எனவே மூன்று கழிந்து பத்தொன்பது. கணக்கு எளியதுதான். ஆனால் அக்கணக்கினுள் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. அருகருகே அமர்ந்த இரு துறவியருள் ஒருவர் ஒரு துன்பத்தையும், மற்றவர் பத்தொன்பது துன்பங்களையும் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இருவரும் ஒரே கல்லில் ஒரே மாதிரி அமர்ந்திருப்பதாகவே தோன்றும்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை நம் நூல்கள் வேதநீய வினையில் காண்கின்றன. தேன் தடவிய வாளை நக்குவதுபோல என்று அதற்கு உவமை கூறுவர். இன்பமும் துன்பமும் அவரவர் ஈட்டிய வினைக்கேற்ப அவரவர்க்கே உரியன. ஒருவருடைய அசாதா வேதநீயத்தை மற்றொருவர் தம் உடலில் வாங்கிப் பார்க்க வழியில்லை.

இனி, மருத்துவ அறிவியல் இதுபற்றி என்ன கண்டிருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ராபர்ட் காக்ஹில் என்னும் ஆய்வாளரும் அவர் துணைவரும் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல உடல்நலம் உள்ள 17 பேரின் காலில் 49 பாகை செல்சியஸ் வெப்பம் உள்ள சிறு கருவியை வைத்து, வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். ஒருவர் ஒன்று என்றார். மற்றொருவர் ஏறத்தாழ ஒன்பது என்றார். இடைப்பட்ட எண்களை மற்றவர்கள் சொன்னார்கள். வெப்பம் அனைவர்க்கும் ஒன்றே. ஒன்பது என்றவர் மிகைப்படுத்துகிறார் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதே நேரத்தில் அவர்கள் மூளையைப் படம் பிடித்தபோது, மிகுந்த வலி என்றவர்களின் மூளையில் வலியோடு தொடர்புடைய பகுதிகள் மற்றவர்களைவிட மிகுதியாகவும் அடிக்கடியும் இயங்கியது தெரிந்தது. அவர்கள் சொன்னது உண்மை. ஏழடிப்பட்டத்தின் 17 படுக்கைகளை எண்ணியபோது இந்த 17 பேர் என் நினைவிற்கு வந்தார்கள். எண்ணின் ஒப்புமை தற்செயலானதுதான். ஆயினும் மறக்க முடியவில்லை.

ஒரே மனிதருக்கும் சூழலுக்கேற்ப வலி மாறுகிறது. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியக் களத்தில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்னும் மருத்துவர், கடுமையாகக் காயமுற்ற வீரர்களிடம் வலிமருந்து வேண்டுமா என்று கேட்டுப் பதிவு செய்தார். நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றனர். களத்தை விட்டு உயிரோடு மீண்டோம் என்னும் ஆறுதல் அவர்கள் காயத்தின் வலியையே குறைத்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

பிறவியிலேயே வலி அறியாதவர்களும் உண்டு. பாகிஸ்தானின் வடபகுதியில் தெருவில் வித்தை காட்டிய சிறுவன் ஒருவன் கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், தணலின்மேல் நடப்பான். அவனைப்பற்றி அறிந்து ஆய்வாளர்கள் தேடிச் சென்றனர். ஆனால் பதினான்கு வயது நிறைவதற்குள் அவன் கூரையிலிருந்து குதித்து இறந்துவிட்டான். அவனுடைய உறவுக் குடும்பங்களை ஆராய்ந்து, எஸ்சிஎன்9ஏ என்னும் மரபணுவின் பழுதே காரணம் என்று 2006ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அச்சிறுவனைப் பரீஷகங்களை வென்றவன் என்று நாம் கூறுவோமா? கூறமாட்டோம். வலி தெரியாமை தவமன்று. வலி முழுமையாகத் தெரிந்தும் சினமும் கலக்கமும் கொள்ளாதிருப்பதே தவம்.

இதை நம் மக்கள் வாழும் வட்டாரத்திலேயே ஒருவர் தெளிவாகக் கண்டு கூறினார். பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் தாமே அழுகி உதிர்ந்துவிடும் என்று மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் அதை ஐயுற்றார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் அவர் திணறியபோது, தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். சிறுவனுக்கு இவ்வளவு வலிமையா என்று வியந்து பார்த்தால், அவன் விரலிலிருந்து குருதி வடிகிறது. சாவி தோலையும் சதையையும் கிழித்து எலும்பு தெரியும்வரை சென்றிருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. வலி என்னும் காவலன் இல்லாததால் அவர்கள் தங்களை அறியாமலே அன்றாடம் தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று பிராண்ட் உணர்ந்தார். சிலருடைய விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்ததற்கு உறக்கத்தில் எலி கடித்ததே காரணம் என்று கண்டு, நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். உணர்ச்சியற்ற பாதங்களுக்கென மென்மையான நுண்துளை ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. நோயாளி உணராத வலியை அவர் சார்பில் மற்றவர்கள் உணர்ந்து செய்த பணி அது. சிறுபோசில் இளையர் கல்லைத் தேய்த்ததும் இதுவும் ஓரினமே என்பேன்.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020ஆம் ஆண்டில் வலிக்குத் தான் தந்திருந்த விளக்கத்தைத் திருத்தியமைத்தது. வலி எப்போதும் தனிப்பட்ட ஒருவரின் அனுபவம். வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அதை மதிக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல இயலாமையால் ஒரு மனிதருக்கோ பிற விலங்கிற்கோ வலி இல்லை என்று ஆகிவிடாது என்ற கருத்துகள் அதன் குறிப்புகளில் இடம்பெற்றுள்ளன.  ஓரறிவுயிர்க்கும் துன்பம் உண்டு என்று தொடக்கத்திலிருந்தே கூறிவரும் மரபு நம்முடையது. சித்தன்னவாசல் விதானத்து ஓவியத்தை நினைத்துப் பாருங்கள். தாமரைக் குளத்தில் மீனும் பறவையும் எருமையும் யானையும் உள்ளன. பூக்கொய்யும் மனிதரும் உள்ளனர். சமவசரணத்தைச் சார்ந்த நீர்நிலை அது என்பர். அச்சபையில் பெருமானின் திருமொழியை ஒவ்வோர் உயிரும் தன் தன் மொழியில் கேட்டுணரும் என்பது நம் நம்பிக்கை. பேசாத உயிர்க்கும் அங்கே இடமும் செவியும் உண்டு.

இவ்வளவு உயர்ந்த கொள்கை கொண்ட நாம் அன்றாட வாழ்வில் என்ன சொல்கிறோம்? நம் வீடுகளிலும் வெளியிலும் அடிக்கடி கேட்கும் ஒரு சொல் இருக்கிறது: “அவர்களுக்கெல்லாம் பழகிவிட்டது.” குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர் உடைந்த கண்ணாடியில் கைபட்டு நிற்கிறார், அவருக்குப் பழகிவிட்டது. மண்டபத்தின் பின்புறம் எரியும் இலைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சமையற்கட்டு அம்மா புகையில் நிற்கிறார், அவருக்குப் பழகிவிட்டது. தசலட்சண பர்வத்தில் மூன்றாம் நாள் நோன்பில் தலைவலி தாங்காமல் படுத்துவிட்ட மருமகளிடம், என் மாமியார் காலத்தில் பத்து நாளும் இருந்தோமே என்கிறோம். அது வலியை மறுக்கும் மற்றொரு வழி. நான் தாங்கியதை நீ தாங்க வேண்டும் என்று கூற நமக்கு அளவுகோல் எங்கே இருக்கிறது?

இச்சொல் நம்மிடம் மட்டும் உள்ளதன்று. 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில், வெள்ளை இன மருத்துவ மாணவரிடமும் பயிற்சி மருத்துவரிடமும் ஆய்வு செய்தார்கள். கறுப்பின மக்களின் தோல் தடிப்பானது என்பன போன்ற பொய்யான நம்பிக்கைகளில் ஒன்றையேனும் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்றிருந்தனர். அத்தகைய நம்பிக்கை மிகுந்தவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர். மருந்துப் பரிந்துரையிலும் பிழை செய்தனர். வலியில் தனிமனித வேறுபாடு உண்டு என்பது உண்மை. ஆனால் இன்ன குலத்தார்க்கு, இன்ன தொழிலார்க்கு வலி குறைவு என்று நாம் வசதிக்காகக் கட்டிக்கொண்ட வேறுபாடு பொய். முன்னது கேட்டறிய வேண்டியது. பின்னது கேளாமலிருக்க நாம் கண்டுபிடித்த வழி.

இங்கேதான் பிளாஸ்டிக் வருகிறது. பயன்படுத்தி எறிந்த நெகிழியால் நமக்கு வலிப்பதில்லை. அதனால்தான் எளிதில் எறிகிறோம். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குத் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பசு கொண்டுவரப்பட்டது. பால் குறைந்திருந்தது, வயிற்றைத் தன் காலாலேயே உதைத்துக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அறுவை செய்து, அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை மருத்துவர்கள் எடுத்தார்கள். ஐம்பத்திரண்டு கிலோ ஒரு நாளில் சேர்ந்ததன்று. உணவின் மணம் ஒட்டிய ஒவ்வொரு பையாகப் பல காலம் சேர்ந்தது. காய்கறித் தோலைப் பையில் முடிச்சிட்டுத் தெருவில் வைப்பவர் ஒருவரும் அப்பசுவைத் துன்புறுத்த எண்ணியதில்லை. ஆனால் நம் மரபில் எண்ணமின்மை ஒரு விலக்கன்று. கவனக்குறைவோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைவதையே நம் நூல்கள் இம்சை என்கின்றன.

புதுக்கோட்டை என்றால் பாறையும் குளமும் என்றே நாம் நினைக்கிறோம். இம்மாவட்டத்திற்குக் கடற்கரையும் உண்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாம் பாக் நீரிணைக் கரையிலுள்ள ஊர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவின் முதல் கடற்பசுக் காப்பகம் அதுவே. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் அவ்வுயிர் கடலடிப் புல்லை மேய்ந்து வாழ்வது, யாரையும் தாக்குவதில்லை, புலாலும் உண்பதில்லை. நம்மவர் என்றே சொல்லிக்கொள்ளலாம் போலிருக்கிறது. கடலில் அறுந்துபோன நைலான் வலை அதன் மேய்ச்சல் நிலத்தில் கிடந்தால் அது மக்குவதும் இல்லை, பிடிப்பதை நிறுத்துவதும் இல்லை. மூச்சுக்காக மேலே வர வேண்டிய அவ்வுயிர் வலையில் சிக்கினால் மூச்சுமுட்டி இறக்கும். அதன் வலியை அளக்க யாரும் அருகில் இருப்பதில்லை.

கழிவை என்ன செய்வது என்று பிறரிடம் சென்று கற்கும் முன் நம் ஐந்து சமிதிகளை நினைவுகூர வேண்டுகிறேன். நடத்தல், பேசுதல், உண்ணல் ஆகியவற்றில் கவனம் கூறியபின், நான்காவதாகப் பொருளை எடுத்தல் வைத்தலில் கவனமும், ஐந்தாவதாகக் கழிப்பதில் கவனமும் கூறப்படுகின்றன. உற்சர்க்க சமிதி என்பது அது. துறவி தம் உடலின் கழிவைக்கூடக் கண்ட இடத்தில் விடலாகாது. உயிரற்ற இடம் எது என்று பார்த்து, பீலியால் நீக்கி, அதன்பின்னரே விட வேண்டும். கழிவு கையை விட்டு நீங்கியதும் பொறுப்பும் நீங்கிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். கைவிடும் கணத்திலேயே பொறுப்பு மிகுகிறது என்று அச்சமிதி சொல்கிறது. இல்லறத்தார்க்கு அனர்த்த தண்ட விரதம் இதற்கு இணையானது. தேவையின்றி மண்ணைக் கிளறுதல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், மரஞ்செடிகளை வெட்டுதல் முதலியவற்றைப் பயனற்ற தீங்கு என்று இரத்தின கரண்ட சிராவகாசாரம் விலக்குகிறது. அந்நூலைத் தழுவிய அருங்கலச்செப்பை நம் பிள்ளைகள் தமிழிலேயே படிக்கலாம். விழா முடிந்த இரவில் மண்டபத்தின் பின்னே குழிவெட்டிப் பிளாஸ்டிக்கை எரிக்கிறோமே, மேற்சொன்னவற்றில் மண்ணும் தீயும் ஒரே செயலில் அடங்கிவிடுகின்றன. பிவிசி கலந்த நெகிழி எரிந்தால் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகும். அதைச் சுவாசிப்பவர் நாமல்லர், குழியருகே குடியிருப்பவர்.

மறுபயன்பாட்டில் தமிழகம் உலகிற்கே ஒரு வழி காட்டியிருக்கிறது. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் கண்ட முறை அது. சாலைக்கான சரளைக் கல்லை ஏறத்தாழ 170 பாகை வெப்பத்திற்குச் சூடாக்கி, நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அது உருகிக் கல்லின்மேல் மெல்லிய படலமாகப் படியும். அதன்பின் தார் கலந்தால் தார் இறுகப் பற்றும், நீர் உட்புகாது, குழிவிழுவது குறையும். பை, குவளை, தெர்மோகோல் போன்றவை இதற்கு ஏற்றவை, பிவிசி ஆகாது. ஒரு கிலோமீட்டர் ஒற்றைவழிச் சாலைக்கு ஏறத்தாழ ஒரு டன் கழிவு பயன்படும். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே சாலையிட்டுக் காட்டினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கல்லுக்கு மேல் மென்படலம் இடும் இம்முறையைப் படித்தபோதும் எனக்குச் சித்தன்னவாசல் கல்தான் நினைவிற்கு வந்தது. அது என் பலவீனம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சாலையாகிவிடும் என்று எண்ணி நாம் மேலும் பிளாஸ்டிக்கை வாங்கினால் அது அறமாகாது. பாட்டிலை வெட்டிப் பூச்செடி வைத்துப் புகைப்படம் எடுப்பதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பத்துப் பாட்டிலில் செடி வைத்துவிட்டு ஆயிரம் பாட்டிலைப் பள்ளத்தில் தள்ளுவதை மறுபயன்பாடு என்று கூற முடியாது. 2019 சனவரி முதல் நாள் முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் 14 வகை தடைசெய்யப்பட்டன. 2021 திசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிற்று. ஆனால் குடிநீர் பாட்டில் அத்தடைப் பட்டியலில் இல்லை. சட்டம் விட்டதை நாமும் விட வேண்டும் என்பதில்லை. பரிக்கிரகத்திற்கு அளவு வகுத்துக்கொள்வது அணுவிரதம். அதற்கு அரசாணை தேவையில்லை.

ஆகவே முதலில் குறைத்தல். அன்னதானத்திற்கு வாழையிலை அல்லது எவர்சில்வர் தட்டு; நீருக்குக் குடமும் குவளையும். வடிகட்டிய நீரையே அருந்தும் மரபினர் நாம். வீட்டிலிருந்து செம்பு கொண்டுவருவது நம் பாட்டிமார்க்குப் புதிதாயிருக்கவில்லை. அதையும் மீறி வருவதைப் பிரிக்க வேண்டும். பாட்டில்களைத் தனியே சேர்த்தால் பழைய பொருள் வாங்குவோர் எடுத்துக்கொள்வர்; அவை அரைக்கப்பட்டு இழையாகின்றன. பூஜைப் பொருள், அரிசி, பருப்பு வந்த பைகளைக் கழுவி உலர்த்தி வைத்தால் அடுத்த விழாவிற்குச் சாமான் கட்ட உதவும். கிழிந்தபின் உள்ளாட்சியின் துண்டாக்கும் பொறிக்குக் கொடுக்கலாம். கழுவாத பையை யாரும் வாங்கார். கழுவும் வேலை யாருடையது என்பதே இங்கு வினா. அதைத் தூய்மைப் பணியாளரிடம் தள்ளிவிட்டால் பழைய பல்லவிதான். உண்டவர் கழுவட்டும் என்பது என் கருத்து. உடைந்த கண்ணாடி, ஊசி, பிளேடு ஆகியவற்றைத் தாளில் பொதிந்து சிவப்புக் குறியிட்டுத் தனியே கொடுக்க வேண்டும். அவற்றை எடுப்பவர் கைக்குத் தடித்த கையுறை நம் அறக்கட்டளையின் செலவில் வழங்க வேண்டும். கையுறை அணிந்தால் வேலை ஓடாது என்று அவரே சொல்லக்கூடும். அப்போது எந்த வகைக் கையுறை வசதி என்று அவரையே கேட்டு வாங்க வேண்டும். அவர் கையின் வலியை அறிந்தவர் அவர் ஒருவரே.

நிறைவாக, அறங்காவலர் குழுவிற்கு ஒரு விண்ணப்பம். அபிடேகத்தின்போதும் சாமாயிகத்தின்போதும் தரையில் அமர இயலாதவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். முழங்கால் வலி, இடுப்பு வலி, வெளியில் தெரியாத வேறு வலிகள். அவர்களில் இளையோரும் உண்டு. நாற்காலி கேட்டால் வயதைப் பார்த்து நகைப்பார்களோ என்று அஞ்சி, வாயிற்படியிலேயே நின்றுவிட்டுத் திரும்பியவர்களை அறிவேன். அடுத்த பர்வத்திற்கு மண்டபத்தின் வலப்புறம் இருபது நாற்காலிகள் போட வேண்டும். கேட்பவரிடம் காரணம் கேட்கலாகாது. புதிதாக வாங்க வேண்டியதில்லை. பண்டக அறையில் கால் விரிந்தும் முதுகு பிளந்தும் பதினொரு பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன. சூடான கம்பியால் துளையிட்டு, செப்புக்கம்பியால் தைத்து, அடியில் பட்டை வைத்துக் கட்டினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளில் அத்தகைய நாற்காலிகளில் நாம் அனைவரும் அமர்ந்திருக்கிறோம். தைக்கத் தெரிந்த இருவர் ஞாயிறு காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கம்பி வாங்கித் தருவோரும், எஞ்சிய ஒன்பது நாற்காலிகளை வீட்டிலிருந்து தரக்கூடியவர்களும் உணவுக்கூட வாயிலில் வைத்துள்ள ஏட்டில் பெயர் எழுதலாம்.